கொத்துக்கலப்பைக் கொழுவும் பெட்டி ஹப்பும்: ஐந்துக்கு நாலு

கிளிநொச்சியில் உழவு இயந்திரப் பாகங்கள் விற்கிற கடையொன்றில் கொத்துக்கலப்பைக்குக் கொழுவும் (மண்ணைக் கிளறுகிற முனை), உழவு இயந்திரப் பெட்டிக்கு (ட்ரெயிலர்) சில்லு ஹப்பும் எடுத்தேன். இரண்டுமே டக்டைல் இரும்பு (சட்டென்று உடையாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற வார்ப்பிரும்பு) வார்ப்பு, ஆனால் கிறேட் (தர எண்) வேறு வேறு.

கடைக்கார அண்ணை எடுத்த எடுப்பிலேயே கேட்டது, "தம்பி, இது தேயிற சாமானோ, அடிவாங்கிற சாமானோ?" பாதிப் புள்ளி இந்தக் கேள்விக்குத்தான். மற்ற இடங்களில் பெரிய நம்பரைக் காட்டி "இதுதான் ஸ்ட்ரோங்" என்று தலையில் கட்டிவிடுவார்கள். 65-45-12 என்ற கிறேட்டில் முதல் இரண்டு எண்களும் பலம், கடைசி 12 நீட்சி வீதம், அதாவது உடைய முன் அவ்வளவு இழுபடும். சூடாக்கி எண்ணெயில் தோய்த்துப் பதப்படுத்திய 120-90-02 இல் பலம் கிட்டத்தட்ட இரட்டிப்பு, நீட்சியோ வெறும் 2. நெல் மூட்டை ஏற்றிய பெட்டி குளக்கட்டுப் பாதைக் கிடங்கில் விழும்போது ஹப் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேணும், அதனால் ஹப்புக்கு 65-45-12 போதும், சூளைச் செலவும் மிச்சம்.

கொழு வேறு கதை. அது ஆஸ்டெம்பர் செய்தது: 900 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி, 230 முதல் 400 பாகைக்குள் இருக்கிற உருக்கிய உப்புக் குளியலில் இறக்கி அப்படியே வைத்திருப்பார்கள். குளியல் சூடு குறையக் குறைய இரும்பு கடினமாகும், கூடினால் அடிதாங்கும். நான் 1600-1300-01 கேட்டேன் (இதில் பலம் வேறு அலகில், MPa இல்; ஹப் எண்களோடு நேரே ஒப்பிடக் கூடாது), அண்ணை தரவில்லை. எங்கட காணி காடு வெட்டின நிலம், கிரவலும் பாலைக் கட்டையும் மாறி மாறி வரும், 1 வீத நீட்சி அதில் நிற்காது என்று 1200-850-04 ஐத் தந்தார். வீட்டில் அரம் போட்டுப் பார்த்தேன், லேசில் பிடிக்கவில்லை. சுத்தியலால் தட்டினால் உருக்குப் போல கணீரென்று கேட்கிறது. பெரும்போக உழவில் மற்றக் கொழுக்களை விட முனை நன்றாக நின்றது.

ஒரு புள்ளி குறைத்ததற்குக் காரணம் போல்ற் ஓட்டை. எங்கள் சட்டத்துக்குச் சிறிது. பெருப்பிக்கப் போனால் துளைப்பான் அழுத்துகிற இடமே இன்னும் இறுகி, அலகு கருகிப்போகிறது. இந்த வேலையெல்லாம் ஆஸ்டெம்பருக்கு முன்னரே முடித்திருக்க வேணும், ஆகவே வாங்க முன் போல்ற்றைக் கொண்டுபோய் போட்டுப் பாருங்கள். சோதனைச் சான்றிதழும் கேட்டேன், "பிறகு தாறன்" என்றார், இன்னும் வரவில்லை.

அப்புறம், முனை தேய்ந்தால் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்தச் சூட்டில் பதம் போய்விடும், ஒட்டின ஓரத்திலேயே வெடிக்கும். புதுசு வாங்குவதுதான் மலிவு.