கூகுள் கிளாஸ்ரூம் பெற்றோர் மின்னஞ்சல்: சொல்வதும் சொல்லாததும்

இணையவழியில் படிக்கும் பதின்வயதுப் பிள்ளையின் திரையை நிமிடத்துக்கொரு தரம் எட்டிப் பார்ப்பதைவிட, ஆசிரியர்கள் வேலை கொடுத்து வாங்கும் இணைய வகுப்பறையான கூகுள் கிளாஸ்ரூம் அனுப்பும் பெற்றோர் சுருக்க மின்னஞ்சல் எவ்வளவோ மேல். 2016இல் வந்த வசதி இது. பள்ளி வழங்கிய கல்விக் கணக்குகளுக்கு மட்டுமே உண்டு.

நாமாக இதில் சேர முடியாது. ஆசிரியரோ பள்ளி நிர்வாகியோ அழைப்பு அனுப்ப வேண்டும். 120 நாளுக்குள் அதை ஏற்க வேண்டும். கணக்குப் பாடத்தின் விவரம் வருகிறது, அறிவியல் வரவே இல்லையா? வகுப்புக்கு வகுப்பு இதைத் தனியே இயக்க வேண்டும். அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

விடுபட்ட வேலை, வரவிருக்கும் வேலை, வகுப்பில் புதிதாகப் போட்டவை என்று மூன்று பகுதிகள் வரும். வீட்டில் சண்டை மூட்டுவது முதல் பகுதிதான். "வரலாற்றுக் கட்டுரை விடுபட்டது" என்கிறது மின்னஞ்சல். "முடிச்சாச்சும்மா" என்கிறாள் மகள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கோப்பை இணைத்துவிட்டு 'டர்ன் இன்' பொத்தானை அழுத்தாவிட்டால் அது சமர்ப்பித்ததாகாது. நோட்டில் எழுதி முடித்த வேலைக்கு 'மார்க் அஸ் டன்' கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: வெற்றுக் கோப்பை அனுப்பினாலும் விடுபட்ட பட்டியலில் வராது. கெடு தேதியே இல்லாத வேலை எத்தனை நாள் கிடந்தாலும் அதில் ஏறாது. ஆகவே பட்டியல் காலியாக இருப்பதை வைத்து எல்லாம் சரி என்று முடிவுகட்ட வேண்டாம்.

மதிப்பெண் இதில் வராது, பெரிய குறை. அதற்குப் பிள்ளையின் கணக்கில் 'வியூ யுவர் ஒர்க்' பக்கத்தைத்தான் திறக்க வேண்டும். கடவுச்சொல்லை வாங்கி நீங்களே நுழையாதீர்கள். பிள்ளை திறக்க, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கெடு முடிந்தபின், அனுப்பியதைத் திரும்பப் பெறும் 'அன்சப்மிட்' பொத்தான் மீது கை பட்டுவிட்டால், மறுபடி அனுப்பும் வேலை தாமதமானதாகவே பதிவாகும், முதலில் நேரத்தோடு அனுப்பியிருந்தாலும்கூட.

தினசரியா, வாராந்திரமா என்று தேர்வு செய்யலாம். பதின்வயதினருக்கு வாராந்திரம்தான் சரி. தினசரி வைத்தால், இன்று விட்டதை நாளை தானே உணர்ந்து சரிசெய்ய அவர்களுக்கு இடமே இருக்காது, அதற்குள் நாம் கேட்டுவிடுவோம். ஆசிரியர் நேரம் குறிப்பிடாமல் தேதி மட்டும் போட்டால் கெடு இரவு 11:59. மாலை ஆறு மணிக்கு "இன்னும் அனுப்பலையா" என்று கத்துவது நியாயமில்லை.

அழைப்பை ஏற்கும் முன் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வாரம் ஒருமுறை மின்னஞ்சலை இருவரும் சேர்ந்தே திறந்து, விடுபட்டதாகக் காட்டும் ஒவ்வொன்றுக்கும் "பண்ணலையா, அனுப்பலையா, புரியலையா?" என்று கேளுங்கள். புரியவில்லை என்று பதில் வந்தால், அன்றே ஆசிரியருக்கு எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை அவர்களே எழுதட்டும்.