கார்டு இல்லாமல் ஆர்டிஎம்ஏ: ஆர்எக்ஸ்இ-யா, எஸ்ஐடபிள்யூ-வா?

மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் எழுதப்படும் நிரல் பல நேரங்களில் ஐரோப்பாவிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ உள்ள டேட்டா சென்டரில்தான் ஓடுகிறது. அங்கே ஆர்டிஎம்ஏ நெட்வொர்க் கார்டுகள் இருக்கும். எதிர்முனை சிபியுவைத் தொந்தரவு செய்யாமல் அதன் நினைவகத்தில் நேரடியாக எழுதும் கார்டுகள் அவை. ரோஸ் ஹில் வீட்டு மேசையில் இருப்பதோ சாதாரண லேப்டாப். மொரீஷியஸுக்கு வரவழைக்கலாமே என்றால், ஒரு கார்டு போதாது. சோதிக்க இரண்டு வேண்டும், கேபிள் வேண்டும், கார்டைச் செருக இடமுள்ள டெஸ்க்டாப்பும் வேண்டும்.

லினக்ஸ் கெர்னலிலேயே இதற்கு மென்பொருளாலான இரண்டு பொய்க் கார்டுகள் உண்டு. ஆர்எக்ஸ்இ 2016-இல் 4.8 பதிப்பிலும், எஸ்ஐடபிள்யூ 2019-இல் 5.3 பதிப்பிலும் சேர்ந்தன. எந்த ஈதர்நெட் இணைப்பின் மேலும் 'ஆர்டிஎம்ஏ லிங்க் ஆட்' என்ற ஒரே கட்டளையில் இரண்டையும் ஏற்றிவிடலாம். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் க்யூஈமுவில் இருந்த இன்னொரு பொய்க் கார்டான பிவிஆர்டிஎம்ஏ 2024-இல் 9.1 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. அதைப் பரிந்துரைக்கும் பழைய குறிப்புகளை மறந்துவிடுங்கள்.

ஆர்எக்ஸ்இ பேசுவது ஈதர்நெட் மேல் ஆர்டிஎம்ஏவை ஓட்டும் ரோசி நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு. யுடிபி 4791 போர்ட்டில் போகும். தொலைந்த பாக்கெட்டை மீண்டும் அனுப்பும் பொறுப்பும் அதன் தலையில்தான். வைஃபையில் ஓட்டினால் 'டிரான்ஸ்போர்ட் ரீட்ரை கவுண்டர் எக்ஸீடட்' என்ற பிழையை அடிக்கடி பார்க்க நேரலாம். எஸ்ஐடபிள்யூ பேசுவது ஐவார்ப் என்ற வேறொரு நெறிமுறை. அடியில் டிசிபி இருப்பதால் இந்தத் தலைவலியை அது பார்த்துக்கொள்கிறது. மோசமான நெட்வொர்க்கில் உழைக்கக்கூடியது எஸ்ஐடபிள்யூதான், சந்தேகமில்லை.

ஆனாலும் என் ஓட்டு ஆர்எக்ஸ்இ-க்கே. காரணம், எஸ்ஐடபிள்யூவில் இல்லாதவற்றின் பட்டியல் நீளம். இணைப்பில்லா யுடி வகை கியூ இல்லை, குறுக்கீடின்றி ஒரே மூச்சில் முடியும் 'அட்டாமிக்' நடவடிக்கைகள் இல்லை, தரவோடு ஒரு சிறு அறிவிப்பையும் சேர்த்து எழுதும் 'ரைட் வித் இமீடியட்' இல்லை. கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தோன்றலாம். தரவு வந்து சேர்ந்துவிட்டது என்று எதிர்முனைக்குச் சொல்ல ஜிபியுக்களிடையே தரவைக் கைமாற்றும் என்சிசிஎல் போன்ற நூலகங்கள் நம்பியிருப்பது அதைத்தான். ஆர்எக்ஸ்இ-யில் இவை அனைத்தும் உண்டு. வாடிக்கையாளரின் சர்வரில் இருப்பது ரோசி கார்டு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

எஸ்ஐடபிள்யூவுக்கும் ஒரு தனிப் பயன் உண்டு. முகவரி விவரங்களை சாக்கெட் வழியே கைமாற்றி, கியூவை நாமே இணைக்கும் குறுக்குவழி அதில் செல்லாது. இணைப்பை நிர்வகிக்கும் ஆர்டிஎம்ஏ-சிஎம் நூலகம் வழியாகத்தான் இணைய வேண்டும். 'ஐபி-ரைட்-பிடபிள்யூ' என்ற சோதனைக் கட்டளைக்கும் -R (பெரிய ஆர்) தெரிவைச் சேர்க்க வேண்டும். ஒரே நிரல் இருவகைக் கார்டிலும் ஓட வேண்டுமானால் இந்தக் கண்டிப்பு நல்லதுதான்.

வேகத்தை மட்டும் இரண்டிலும் அளக்காதீர்கள். பொய்க்கால் குதிரையில் ஆட்டம் பழகலாம், பந்தயத்துக்குப் போக முடியாது. உண்மையான கார்டில் ஒன்றிரண்டு மைக்ரோ விநாடியில் முடியும் வேலைக்கு இங்கே கெர்னலின் முழு நெட்வொர்க் அடுக்கையும் கடக்க வேண்டும். சிபியுவை மிச்சப்படுத்துவதற்கான தொழில்நுட்பம் இங்கே சிபியுவைத்தான் தின்கிறது. வரிசை பிறழாமல் வருகிறதா, இணைப்பு அறுந்தால் நிரல் மீள்கிறதா, நினைவகப் பதிவு சரியாக விடுவிக்கப்படுகிறதா என்பவற்றைச் சோதிக்க இவை தாராளமாகப் போதும்.

ஆர்எக்ஸ்இ-யில் காட்டும் எம்டியு (ஒரு பாக்கெட்டில் அடங்கும் தரவின் உச்ச அளவு) 1024 என்று இருந்தால் பதற வேண்டாம். 1500 பைட் ஈதர்நெட்டில் அடங்கும் மிகப் பெரிய படி அதுதான். 4096 வேண்டுமென்றால் 1500-ஐவிடப் பெரிய பாக்கெட்டை அனுமதிக்கும் ஜம்போ ஃபிரேமை இயக்குங்கள். வாடகை உபுண்டு சர்வரில் மாட்யூலே கிடைக்கவில்லை என்றால், 'லினக்ஸ் மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா' தொகுப்பை நிறுவிவிட்டு மறுபடி கட்டளையைக் கொடுங்கள்.