நான்கு நாள் வாரம்: கம்மனஹள்ளியில் ஓர் இக்போ வகுப்பு

பெங்களூரு கம்மனஹள்ளியில் ஞாயிறுதோறும் நடக்கும், நைஜீரியாவில் பேசப்படும் இக்போ மொழிக்கான வகுப்பில் காலச் சொற்களுக்கான பாடங்களை முடித்திருக்கிறேன். எக்கே, ஓரியே, ஆஃபோ, ங்க்வோ என்னும் நான்கு சந்தை நாள்களே தென்கிழக்கு நைஜீரியாவின் மரபு வாரம் என்பதையும், அத்தகைய ஏழு வாரங்கள் சேர்ந்து 28 நாள் மாதமாவதையும் ஆசிரியர் பலகையில் கட்டம் போட்டு விளக்கிய விதம் அருமை. நிலவுக்கும் மாதத்துக்கும் ‘ஓன்வா’ என்ற ஒரே சொல். ‘திங்கள்’ அறிந்த நமக்கு அது தானாகவே பதிந்துவிடுகிறது. ‘நாளை’ என்பதற்கு ‘எச்சி’ என்றபோது மட்டும் வகுப்பிலிருந்த தமிழர்கள் நாங்கள் இருவரும் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டோம். ஆண்டும் வயிறும் எழுத்தில் ‘ஆஃபோ’தான், தொனியே (குரலின் ஏற்ற இறக்கமே) வேறு, அந்த வேறுபாட்டைப் பழகத் தந்த ஒலிப்பதிவில் ஆட்டோ இரைச்சலே மிகுதியாகக் கேட்டது. கட்டணம் 2,000 ரூபாய்க்கு அது பெருங்குறை.