தைப்பூசம் முடிந்த காலையும் அம்மா வீட்டு லோங்காங்கும்

மெல்பர்னுக்கு வந்து 22 வருடமாகிறது. அம்மா இருக்கும் மலேசியாவின் பினாங்குக்கு லீவு போட்டால் தைப்பூசத்தை ஒட்டித்தான் போடுவேன். வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தேங்காய்களைக் குவித்து வைத்திருப்பார்கள். ரதம் கிட்டே வந்ததும் ஆளாளுக்கு எடுத்து ரோட்டில் உடைப்பார்கள். எல்லாரும் ரதத்தின் பின்னால் போய்விடுவார்கள். இந்த முறை நான் போகாமல் நின்றேன்.

துப்புரவுத் தொழிலாளர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். சில்லுகளை ஓரமாகத் தள்ளத் தள்ள, பின்னால் ஓர் இயந்திரம் அள்ளி லாரியில் கொட்டியது. தேங்காய்த் தண்ணீர் ஓடித் தார் ரோடு வழுக்கியது. வயதானவர் ஒருவர் கால் சறுக்கி விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குனிந்தார். விடிந்து அந்தப் பக்கம் போனபோது புளித்த வாடை மட்டும்தான் மிச்சம். என் அப்பாவும் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தில் இதே வேலை பார்த்தவர்தான். எனக்குக் கை கூப்பத் தோன்றியது.

மறுநாள் வீட்டு வேலைகள் தொடங்கின. வீட்டுக்காக ஊராட்சி மன்றத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரிக் கணக்கு, அப்பா இறந்தபின் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. பிப்ரவரி கடைசிக்குள் முதல் தவணை கட்ட வேண்டும், ஆகஸ்டு கடைசிக்குள் அடுத்தது. அம்மா இன்றும் இந்த வரியை மலாயில் சுக்காய் பிந்து என்றுதான் சொல்வார். 90களில் இந்த மாதிரி ஒரு காரியத்துக்கு நான் அரை நாள் லீவு எடுத்திருக்கிறேன். இப்போது மன்ற அலுவலகத்தில் நம்பர் எடுத்து உட்கார்ந்தோம், இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டோம். கவுன்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் அம்மாவை “மக்சிக்” (அத்தை மாதிரி) என்று கூப்பிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்துக் கொடுத்தார். என் பாஸ்போர்ட்டும் அப்படித்தான், காலையில் கொடுத்தது மதியத்துக்குள் கைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து ஊரைக் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும். கவுன்டர் உண்மையிலேயே மாறியிருக்கிறது.

லோங்காங்தான், அதாவது சாக்கடைதான், மாறவில்லை.

அம்மா இருக்கும் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பின்சந்து லோங்காங் ஓரிடத்தில் இறங்கிவிட்டது. தண்ணீர் ஓடாமல் கறுப்பாக நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பேரனுக்குப் போன வருடம் டெங்கி. புகார் கொடுத்தால் உடனே போனில் நம்பர் வந்துவிடுகிறது, அதில் குறையே இல்லை. இரண்டு பேர் வந்தார்கள், சேற்றை வாரி ஓரத்தில் வைத்தார்கள். இரண்டாம் நாள் மழை அதைத் திரும்ப உள்ளேயே தள்ளிவிட்டது. புகார் முடிந்தது என்று போனில் செய்தியும் வந்தது. பார்வையிட வந்த அதிகாரி நல்ல மனிதர், மறைக்காமல் பேசினார். வாரினால் தீராது, உடைத்து வாட்டம் சரிசெய்து புதிதாகக் கட்ட வேண்டும், அதற்குப் பட்ஜெட்டில் இடம் வேண்டும், முன்னால் நிறைய தாமான்கள் காத்திருக்கின்றன என்றார். அது போய்ச் சேரும் பெரிய வாய்க்கால் வேறோர் இலாகாவாம்.

“வரி மட்டும் வருசத்துக்கு ரெண்டு தரம் கட்டுறோமே தம்பி, காசு எங்கதான் போவுது?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் லீவில் பாதி போனது.

வருமான வரி, சுங்க வரி, விற்பனை சேவை வரி எல்லாம் மத்திய அரசாங்கத்துக்குப் போகின்றன. 1972லிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸில் வரிசையாக மின்னணுத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. அவை கட்டும் வருமான வரியும் மத்திய அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவுக்குத்தான். நில வரி மாநிலத்துக்கு. ஊராட்சி மன்றத்தின் கையில் இருப்பது மதிப்பீட்டு வரி, லைசன்ஸ், பார்க்கிங், அபராதம், அப்புறம் 1981 சட்டப்படி வருகிற ஆண்டு மானியம். இதை வைத்துத்தான் லோங்காங், தெருவிளக்கு, பூங்கா, பாசார் (சந்தை) எல்லாம். குப்பைப் பொறுப்பை மத்திய அரசாங்கத்திடம் கொடுத்த 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தில் பினாங்கு சேராததால் குப்பை அள்ளுவதும் மன்றங்களின் தலையில்தான்.

வரியை ஏற்றலாமே என்றால், சட்டம் இடம் கொடுக்கத்தான் செய்கிறது. வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பில் 35 சதவீதம் வரை விதிக்கலாம், வாங்குவது அதில் சிறு பங்கு. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மதிப்பைத் திருத்தலாம், மாநிலம் விரும்பினால் தள்ளியும் போடலாம். தள்ளித்தான் போடுகிறார்கள். கோலாலம்பூரில் 1992க்குப் பிறகு 2013இல்தான் புது மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தது. ஒரேயடியாக எகிறியதைப் பார்த்து ஜனங்கள் கொதித்தார்கள். கொதிக்காமல் என்ன செய்வார்கள்? வரியை ஏற்றச் சொன்னவர் யாரையும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

எல்லாம் இங்கே வந்துதான் நிற்கிறது. டி. எஸ். ராமநாதன் ஜார்ஜ்டவுனின் முதல் மேயராக இருந்த காலத்தில் அப்பா மாநகர் மன்றத்துக்கு ஓட்டுப் போட்டவர். அன்று தண்ணீர், மின்சாரம், பஸ் எல்லாம் மன்றமே நடத்தியது, அதில் வருமானமும் இருந்தது. 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தல் திரும்ப வேண்டும் என்றது. அரசாங்கம் ஏற்கவில்லை. 70களில் தண்ணீரும் மின்சாரமும் கைவிட்டுப் போயின, 1976 ஊராட்சிச் சட்டம் தேர்தலையும் முடித்துவைத்தது. இன்று ஒரு மன்றத்துக்கு அதிகபட்சம் 24 உறுப்பினர்கள், எல்லாரும் மாநில அரசாங்கம் நியமிப்பவர்கள். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர பினாங்கு சொந்தமாகச் சட்டம் போட்டுப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மெல்பர்னில் என் வீட்டு வரி அம்மா கட்டுவதைவிடப் பல மடங்கு. வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மதிப்பை வருடாவருடம் திருத்துகிறார்கள். வரியை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு 2016இலிருந்து மாநில அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் தபால் ஓட்டுப் போட்டேன். எங்கள் வார்டு கவுன்சிலரின் நம்பர் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, ஒரு முறை நடைபாதை விஷயமாகக் கூப்பிட்டுக் கோபமாகவே பேசியிருக்கிறேன். அடுத்த முறையும் என் ஓட்டு வேண்டும் என்பதால் பொறுமையாகக் கேட்டார். அம்மாவுக்கு அந்த உரிமை இல்லை. நகரத்தைக் கூட்டிப் பெருக்கி முப்பது வருடம் உழைத்த மனிதரின் மனைவிக்கு, அந்த நகரத்தில் யார் எதற்குச் செலவு செய்யலாம் என்று சொல்ல ஓர் ஓட்டு இல்லை. கவுன்டரில் எவ்வளவு சீக்கிரம் ரசீது கொடுத்தாலும் இந்தக் குறை தீராது.

எங்கள் பகுதி மன்ற உறுப்பினர் யார் என்று தாமானில் பத்து வீட்டில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இணையத்தில் பெயரைத் தேடிப் பேசினேன், சாயந்தரமே மோட்டாரில் வந்து பார்த்தார். அடுத்த வருடப் பட்ஜெட்டுக்கு எழுதிப் போடுவதாகச் சொன்னார். எழுதிப் போடட்டும்.

1976 சட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. மன்றத்தின் முழுக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போய் உட்காரலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவையும் பக்கத்து வீட்டு அண்ணனையும் உட்கார வைத்து இதைச் சொன்னேன். அண்ணன் லோங்காங்கைப் போட்டோ எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறார். அம்மா கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.