மெய்ப்புப் பார்க்கிறவள் கண்ணில் சினாய் பைபிள் இணையதளம்

26 வருஷம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள் நான். எதைப் படித்தாலும் முதலில் பிழைதான் கண்ணில் படும். அந்த வியாதியோடு கோடெக்ஸ் சினாய்டிகஸ் இணையதளத்துக்குள் போனேன். மூன்று மாதமாகியும் வெளியே வரவில்லை.

4ஆம் நூற்றாண்டில் தோலில் எழுதிய கிரேக்க பைபிள் இது. புதிய ஏற்பாடு முழுசாகக் கிடைக்கிற மிகப் பழைய பிரதி. ஆனால் ஏடுகள் ஒரே இடத்தில் இல்லை: லண்டனில் 347, லைப்சிக்கில் 43, மிச்சம் சினாய் மலையடி மடத்திலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும். 1844இல் டிஷன்டார்ஃப் என்ற ஜெர்மன் பைபிள் அறிஞர் அந்த மடத்துக்குப் போனபோது, நெருப்பில் போடக் கூடையில் கிடந்ததைக் காப்பாற்றினேன் என்று எழுதிவைத்தார். மடத்தார் இன்றும் அதை ஒத்துக்கொள்வதில்லை. பின்னால் அவர் வழியாக ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்த பெரும்பகுதியை, 1933இல் சோவியத் அரசு 1 லட்சம் பவுண்டுக்கு பிரிட்டனுக்கு விற்றது. இப்படிச் சிதறியதை நாலு இடத்தாரும் சேர்ந்து 2009இல் இணையத்தில் ஒன்றாக்கினார்கள். பார்க்கக் காசு கிடையாது.

செய்தித்தாளில் வருவதுபோல, பெரும்பாலும் பக்கத்துக்கு நாலு பத்தி. சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது. எனக்குக் கிரேக்கம் எழுத்துக்கூட்டத்தான் வரும். அதற்கும் வழி இருக்கிறது. படத்துக்குப் பக்கத்தில் அதே கிரேக்க வாசகம் அச்செழுத்தில் வருகிறது. அதில் ஒரு சொல்லைத் தொட்டால் ஏட்டில் அந்தச் சொல் எங்கே என்று கட்டம் போட்டுக் காட்டிவிடும். சாய்வெளிச்சத்தில் எடுத்த படமும் உண்டு. அதைப் போட்டுப் பாருங்கள். வரி நேராக வர எழுதியவர் கீறிய கோடும், தோலின் சுருக்கமும், மை உதிர்ந்த இடமும் தெரியும்.

நான் முதலில் தேடியது யோவான் 16:15. அந்த வசனமும் அதற்கு முந்தையதும் கிரேக்கத்தில் ஒரே மாதிரி முடிகின்றன. எழுதியவர் கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, நடுவில் ஒரு வசனமே விழுந்துபோயிற்று. பிறகு வந்த ஒருவர் ஓரத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறார். எங்கள் தொழிலில் வாரத்துக்கு நாலு தடவை நடக்கிற சமாச்சாரம். சிரித்துவிட்டேன்.

லூக்கா 22:43-44 அப்படிச் சிரிக்கிற இடமில்லை. இயேசுவின் வேர்வை இரத்தத் துளிகள்போல விழுந்தது என்கிற பகுதி. முதலில் எழுதியவர் எழுதியிருக்கிறார். திருத்தியவர் ஒருவர், வேண்டாம் என்று குறி போட்டிருக்கிறார். அவருக்கும் பின்னால் வந்தவர் அந்தக் குறியை அழித்து, இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். நாங்கள் இதைத்தான் ‘ஸ்டெட்’ என்போம். எது மூலம், எது சேர்க்கை என்று இன்று அறிஞர்கள் போடுகிற சண்டை, அந்தத் தோலின் ஓரத்திலேயே நடந்து முடிந்திருக்கிறது!

நம் பைபிளில் 16:20 வரை போகிற மாற்கு, இதில் 16:8இல் நின்றுவிடுகிறது. அந்தப் பத்தியின் மிச்சம் காலி. அடுத்த பத்தியில் லூக்கா ஆரம்பம். கர்த்தருடைய ஜெபத்தின் கடைசியில் நாம் சொல்லும் ‘ராஜ்யமும் வல்லமையும்’ மத்தேயுவில் இல்லை. பழசு என்பதாலேயே எல்லாம் சரி என்று நான் நம்புகிறவளில்லை. முதல் புரூஃபில்தானே பிழை அதிகம்? அதற்காக, யாரோ வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்று கத்துவதும் வேண்டாம். மேலே சொன்ன யோவான் வசனத்தை ஒருதரம் பார்த்தால் போதும்.

‘இது மொத்தமும் 19ஆம் நூற்றாண்டுப் போலி’ என்று இன்னும் சிலர் வாதாடுகிறார்கள். லைப்சிக் ஏடுகள் படத்தில் வெளுப்பாகவும் லண்டன் ஏடுகள் மஞ்சளாகவும் தெரிவது அவர்கள் காட்டும் சாட்சிகளில் ஒன்று. வேறு வேறு ஊரில் எடுத்த படங்கள். இரண்டு அச்சகத்தில் ஒரே நிறம் வந்து நான் பார்த்ததே இல்லை. 1862இலேயே சிமோனிடிஸ் என்ற பேர்போன போலிச் சுவடிக்காரர், ‘நான்தான் எழுதினேன்’ என்று கிளம்பினார். 1975இல் அதே மடத்தில் இன்னும் சில ஏடுகள் கிடைத்தன. அவற்றையும் அவரே எழுதி ஒளித்துவைத்தாராமா?

கைபேசியில் திறக்காதீர்கள். என்னுடையது பழசு, மூச்சுத் திணறியது. பெரிய திரை வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பு சில பகுதிகளுக்குத்தான் உண்டு. பக்கத்தில் நம் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். ஐந்துக்கு நாலரை போடுவேன். இப்போது ஏசாயாவில் இருக்கிறேன், மூன்றாம் பத்தியில் ஓரத்தில் ஏதோ பொடியாக எழுதியிருக்கிறது.