வீலுக்கு நாலு ஸ்டார், பெடலுக்கு ரெண்டு: பட்ஜெட் கேமிங் ஸ்டீரிங் வீல் செட் ரிவ்யூ, ரிப்பேரோட சேர்த்து

மொதல்லயே சொல்லிடறேன், பிராண்ட் பேர் போடல. கேட்டு கமெண்ட் போடாதீங்க. கம்ப்யூட்டர்ல கார், லாரி கேம் ஓட்டறதுக்குன்னு இந்த விலைல கிடைக்கிற வீல் செட் பலதுல பெடலுக்குள்ள இருக்கறது ஒரே மாதிரி சாமான்தான், அதனால உங்க வீட்ல எந்த கம்பெனி வீல் இருந்தாலும் கீழ எழுதியிருக்கறது பெரும்பாலும் பொருந்தும். வாரண்டி முடிஞ்சு ரொம்ப நாள் ஆச்சு, நல்லா அடிச்சு ஓட்டினதுக்கு அப்புறம் எழுதற ரிவ்யூ இது, பெட்டி பிரிச்ச அன்னைக்கே எழுதற ரிவ்யூ இல்ல.

வீல் பத்தி சீக்கிரம் முடிச்சுக்கறேன், ஏன்னா குறை சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. 900 டிகிரி சுத்துது, ஃபோர்ஸ் ஃபீட்பேக் (ரோட்டுக்கு ஏத்த மாதிரி மோட்டார் வீலை இழுக்கறது, அதிர வைக்கறது) கையில நல்லா தெரியுது, ட்ராக் ஓரத்து கர்ப் மேல ஏறினா மணிக்கட்டு வரைக்கும் அதிருது. கியர் சத்தம் கொஞ்சம் கடகடன்னு வரும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட்டினா பக்கத்து ரூம்ல திட்டு விழும், மத்தபடி சூப்பர். தோல் இன்னும் உரியல, பட்டன் எல்லாம் வேலை செய்யுது.

இப்ப பெடல். வாங்கின புதுசுல இதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2ல ஹைவேல க்ரூஸ் கண்ட்ரோல் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமலே ஒரே வேகத்துல போறது) போட்டுட்டு போறேன், அதுவா ஆஃப் ஆகுது. திரும்ப போட்டா திரும்ப ஆஃப். பிரேக்ல காலே இல்ல. வெளி கேமராவுக்கு மாத்தி பாத்தா லாரி பின்னாடி பிரேக் லைட் அதுவா மினுக் மினுக்னு எரிஞ்சு அணையுது. இந்த கேம்ல பிரேக் கொஞ்சம் தொட்டாலே க்ரூஸ் கட் ஆயிடும், அதனாலதான் இங்க மாட்டிக்கிச்சு. அசெட்டோ கோர்சா மாதிரி ரேஸ் கேம்ல எல்லாம் இது பளிச்சுன்னு தெரியாது, ஸ்ட்ரெயிட்ல வண்டி ஏதோ இழுக்குது, லேப் டைம் ஏறுது, நம்ம செட்டப்பை போட்டு நோண்டிட்டு இருப்போம்.

இந்த மாதிரி வந்தா உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க. மொதல்ல கேமை மூடிட்டு விண்டோஸ் பட்டனும் R பட்டனும் சேர்த்து அமுக்கி ஜாய் டாட் சிபிஎல்னு டைப் பண்ணி (இங்கிலீஷ்லதான், joy.cpl) என்டர் தட்டுங்க. கேம் கண்ட்ரோலர் லிஸ்ட் வரும், உங்க வீலை செலக்ட் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போனா ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு பார் தெரியும். உண்மை எல்லாம் இங்கதான் தெரியும். கேமுக்குள்ள டெட்ஸோன் (சின்ன அசைவை கண்டுக்காம விடறது), சென்சிட்டிவிட்டி, காமான்னு ஆயிரம் வடிகட்டி இருக்கு, இங்க அது எதுவும் கிடையாது. காலை எடுத்துட்டு சும்மா பாருங்க, பார் அசையாம நிக்கணும். அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா அமுக்குங்க, பாரும் அதே மாதிரி மெதுவா ஏறணும். நடுவுல எங்கயாவது குதிச்சா, இல்ல காலை எடுத்தும் துடிச்சா, பிரச்சனை கேம்ல இல்லன்னு தெரிஞ்சுக்கலாம்.

இந்த டெஸ்ட்லயே பாதி பேரோட பிரச்சனை முடிஞ்சிடும், ஏன்னா நிறைய கேஸ்ல பெடல் நல்லாத்தான் இருக்கும். பிசி ஆன் பண்ணின உடனே ஆக்ஸிலரேட்டர் பாதி அமுக்கின மாதிரி காட்டுதுன்னா அது ரிப்பேர் இல்ல. பல வீல்ல ஒவ்வொரு பெடலையும் ஒரு தடவை அடி வரைக்கும் மிதிச்சு விட்டாதான் அதோட ரேஞ்ச் அதுக்கு புரியும். கேம் தொடங்கறதுக்கு முன்னாடி மூணையும் ஒரு மிதி மிதிங்க. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒரே பார்ல எதிர் எதிரா ஓடுதுன்னா கம்பைண்டு பெடல்ஸ் ஆன்ல இருக்குன்னு அர்த்தம், பழைய கேம்களுக்காக வச்ச ஆப்ஷன் அது, கம்பெனி சாஃப்ட்வேர்ல போய் ஆஃப் பண்ணிடுங்க. விண்டோஸ்லயே எப்பவோ காலிபரேட் பண்ணி அது கோணலா சேவ் ஆயிருந்தா, அதே ப்ராப்பர்ட்டீஸ்ல செட்டிங்ஸ் டேப்ல ரீசெட் டு டீஃபால்ட் இருக்கு. ஸ்டீம் வழியா ஓட்டறவங்க ஸ்டீம் இன்புட்டை (ஸ்டீமே நடுவுல பூந்து கண்ட்ரோலரை கையாளற ஆப்ஷன்) அந்த கேமுக்கு ஆஃப் பண்ணியும் ஒரு தடவை பாருங்க.

அதுக்கப்புறம் ஒயர். லாஜிடெக் ஜி29 மாதிரி வீல்ல பெடல் ஒயர் பழைய கம்ப்யூட்டர் சீரியல் போர்ட் மாதிரி 9 பின் கனெக்டர்ல போகும், த்ரஸ்ட்மாஸ்டர்ல பல மாடல்ல லேண்ட்லைன் போன் ஜாக் மாதிரி ஒண்ணு. எதுவா இருந்தாலும் கழட்டி பின் வளைஞ்சிருக்கா, பச்சை பிடிச்சிருக்கான்னு பாத்துட்டு அழுத்தி மாட்டுங்க. இங்க ஒரு நல்ல க்ளூ இருக்கு: மூணு பெடலும் ஒண்ணா துடிச்சா சந்தேகம் ஒயர் மேலயும் கனெக்டர் மேலயும் போகணும், ஏன்னா கரண்ட்டும் கிரவுண்டும் மூணுக்கும் பொதுவா வரும். ஒரே ஒரு பெடல் மட்டும் ஆடுதுன்னா அந்த பெடலுக்குள்ள இருக்கற பொட்டென்ஷியோமீட்டர்தான் (சுருக்கமா பாட், பெடல் எவ்ளோ தூரம் போச்சுன்னு அளக்கற சாமான்) பெரும்பாலும் குத்தவாளி.

எனக்கு பிரேக் மட்டும்தான். சரி, சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். பெடல் மட்டும் தனியா ரிப்பேர் பண்ண மாட்டாங்களாம், ஸ்பேர் கிடையாதாம், வாரண்டி இல்லாததால புது செட்டு வாங்கிக்கோங்க சார்னு ரொம்ப மரியாதையா சொன்னாங்க. மோட்டார், போர்டு, ஸ்டீரிங் எல்லாம் நல்லா இருக்கற ஒரு சாமானை, உள்ள ஒரு சின்ன பார்ட் தேஞ்சதுக்காக மொத்தமா தூக்கி போடுன்னு சொல்றதை என்னன்னு சொல்றது. பெடலுக்கு ஒரு ஸ்டார் குறைஞ்சது இந்த போன் கால்லதான்.

உள்ள என்னதான் இருக்கு? பழைய ரேடியோல சத்தம் கூட்டறப்போ கர்கர்னு வருமே, அதே வால்யூம் கண்ட்ரோல்தான் இங்கயும். பெடலை மிதிச்சா ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்லு சக்கரம் சுத்தி அந்த பாட்டோட தண்டை திருப்பும். உள்ள வளைவா ஒரு கார்பன் தடம், அது மேல ஒரு மெல்லிசான உலோக நாக்கு உரசிக்கிட்டே போகும். உரச உரச கார்பன் தேயும், அந்த தூளும் வெளி தூசியும் சேர்ந்து நாக்குக்கும் தடத்துக்கும் நடுவுல உக்காரும், அப்போ பெடல் சும்மா இருந்தாலும் அளவு ஆடும். நம்ம ஊர்ல இது சீக்கிரம் வர்றதுல ஆச்சரியமே இல்ல. பெடல் தரையோட தரையா கிடக்குது, மேல ஃபேன் ஓடுது, வீடு கூட்டறப்போ எழும்புற மண்ணு, முடி எல்லாம் நேரா அங்கதான் போகும்.

திறக்கறதுக்கு முன்னாடி வாரண்டி இருக்கான்னு பாருங்க, இருந்தா திறக்காம அவங்க தலையிலயே கட்டுங்க. இல்லன்னா யுஎஸ்பி, அடாப்டர் ரெண்டையும் பிடுங்கிட்டு பெடலை கவுத்து போட்டு அடி ஸ்க்ரூ எல்லாம் கழட்டுங்க. ஒவ்வொரு ஸ்டெப்லயும் போட்டோ எடுத்துக்கோங்க, முக்கியமா எந்த ஒயர் எந்த பாட்டுக்கு போகுதுன்னு. ஸ்பிரிங் டென்ஷன்ல இருக்கும், பிடிச்சுக்கிட்டு விடுங்க. என்னோடதை திறந்தப்போ பிரேக் பக்கம் பல்லு சக்கரத்துல பழுப்பு கலர்ல க்ரீஸும் தூசியும் கலந்த ஒரு பிசுக்கு, பாட்டோட மூடி ஓரமா ரெண்டு முடி சுத்தியிருந்துச்சு. கிளட்ச் பக்கம் பாத்தா நேத்து ஃபேக்டரில இருந்து வந்த மாதிரி பளபளன்னு இருக்கு, யாரு கிளட்ச் மிதிக்கறா.

மஞ்சள் கலர்ல சீப்பா ஒரு மல்டிமீட்டர் கிடைக்குமே அது போதும். ரெசிஸ்டன்ஸ் (ஓம்) பக்கம் 20கே ரேஞ்சுல வச்சு பாட்டோட நடு கால்லயும் ஓரத்து கால் ஒண்ணுலயும் பிடிச்சுட்டு (ஒயரை கழட்டிட்டுதான்) தண்டை மெதுவா திருப்புங்க. நம்பர் ஒழுங்கா ஏறினா பாட் ஓகே. நடுவுல தாவினாலோ, இடது ஓரத்துல வெறும் 1னு காட்டிட்டு திரும்ப வந்தாலோ அந்த இடத்துல தடம் போச்சு. எனக்கு சரியா பிரேக் மிதிக்க ஆரம்பிக்கற இடத்துலயே அந்த 1 வந்துச்சு.

மொதல்ல கான்டாக்ட் கிளீனர். கடைல இதைத்தான் பேர் சொல்லி கேட்கணும், வீட்ல கதவு கீலுக்கு அடிக்கற சாதா டபிள்யூடி 40 வேணாம், அது எண்ணெய் பசை விட்டுட்டு போகும், அதுல இன்னும் தூசி ஒட்டும். பாட் மேல கால் வர்ற இடுக்குல ஸ்ட்ரா வச்சு லேசா ரெண்டு அடி, தண்டை இந்த கோடிக்கும் அந்த கோடிக்கும் நல்லா திருப்பி விட்டு, முழுசா காஞ்சதுக்கு அப்புறம் கரண்ட் கொடுக்கணும். வெறும் தூசி பிரச்சனைன்னா இதுலயே கதை முடிஞ்சிடும். தடமே தேஞ்சிருந்தா கொஞ்ச நாள் அமைதியா இருந்துட்டு திரும்ப ஆரம்பிக்கும், என்னோடது ரெண்டாவது ரகம்.

அப்புறம்தான் கிளட்ச் பாட்டை பிரேக்குக்கு மாத்தினேன், கையில ஸ்பேரை வச்சுக்கிட்டு எதுக்கு கடைக்கு அலையணும். மூணும் ஒரே மாதிரி பாட்டா இருந்தா (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கு, மேல அச்சடிச்சிருக்கறதை ஒத்து பாருங்க) இதுல ஒரு டெஸ்ட்டும் சேர்ந்தே முடிஞ்சிடும். மாத்தினதும் துடிப்பு கிளட்ச் பாருக்கு போயிட்டா பாட்தான் தப்பு. இன்னும் பிரேக் பார்லயே இருந்தா ஒயர், இல்ல வீல் போர்டு. எனக்கு துடிப்பு சமத்தா கிளட்சுக்கு குடி போயிடுச்சு.

திரும்ப மாட்டறப்போ ஒரு விஷயம், பல்லு சக்கரத்தை கண்ட மாதிரி மாட்டினா பெடல் பாதி தூரம் போனதுமே பாட் கோடிக்கு போயிடும், அதுக்கு மேல மிதிச்சா ஒண்ணு பார் ஏறாது இல்ல பல்லு உடையும். பெடல் சும்மா இருக்கறப்போ தண்டு கோடியில முட்டாம கொஞ்சம் தள்ளி இருக்கணும், முழுசா மிதிச்சாலும் அந்த கோடியில முட்டக்கூடாது, அவ்ளோதான். ஸ்பேர் பாட் இல்லாதவங்களுக்கு இதுலயே ஒரு குறுக்கு வழியும் இருக்கு. தடத்தோட மொத்த நீளமும் பெடலுக்கு தேவைப்படாது, இடம் மிச்சம் இருந்தா பல்லை ரெண்டு மூணு தள்ளி மாட்டி தேயாத பகுதிக்கு நாக்கை நகர்த்திடலாம், மிதிச்சு விட்டா வீல் புது ரேஞ்சை பிடிச்சுக்கும்.

கிளட்சுக்குன்னு ஒரு புது பாட் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல, அதான் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருல, வாங்கினேன். கடைல பொட்டென்ஷியோமீட்டர்னு இழுக்க வேணாம், 10கே வால்யூம் கண்ட்ரோல், லீனியர்னு கேளுங்க, மேல பி10கேன்னு போட்டிருக்கும். ஏ போட்டது ஆடியோவுக்கு, அதை மாட்டினா பிரேக் ஒரு பக்கம் செத்துட்டு இன்னொரு பக்கம் பட்டுன்னு பிடிக்கும். உங்க பழைய பாட்ல என்ன போட்டிருக்கோ அதைத்தான் வாங்கணும், கையோட எடுத்துட்டு போங்க, தண்டோட கனம், நீளம், முனையோட வெட்டு எல்லாம் ஒத்து வரணும். கடைக்காரர் "எதுக்குண்ணே இது, ஆம்ப்ளிஃபயரா?"ன்னாரு, கார் பிரேக்குக்குன்னு சொன்னேன், ஒரு மாதிரி பாத்தாரு. விலை ஒரு டீ, ரெண்டு வடை காசு. சால்டரிங் தெரியாதவங்க மூணு ஒயரை அங்கயே யார்கிட்டயாவது கொடுத்தா வச்சுத் தந்துடுவாங்க.

இதுதான் எனக்கு கடுப்பே. இவ்ளோ விலை வாங்கற கம்பெனிக்கு காந்தம் வச்ச ஹால் சென்சார் போட மனசு வரல. அதுல எதுவும் எதையும் உரசாது, தேயறதுக்கே ஒண்ணும் இல்ல. பிரேக்குக்கு லோட் செல் போட்ட பெடல்னா இன்னும் ஒரு படி மேல, கால் எவ்ளோ தூரம் போச்சுன்னு பாக்காம எவ்ளோ பலமா மிதிச்சன்னு பாக்கும், நிஜ ரேஸ் கார் பிரேக் அப்படித்தான், கால் அதை சீக்கிரம் பழகிக்கும். ஆனா நல்ல லோட் செல் பெடல் மட்டுமே இந்த முழு செட்டு விலைக்கு பக்கத்துல வந்துடுது, அதனால எல்லாரும் வாங்குங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு குறையும் சொல்லிடறேன், பெடல் டைல்ஸ் தரைல வழுக்கும். அடியில இருக்கற பல் எல்லாம் கார்பெட்டுக்கு வச்சது, நம்ம வீட்ல யாரு கார்பெட் போட்டிருக்கா. பின்னாடி செவுத்துல முட்டு கொடுத்து வச்சாதான் பிரேக்கை தைரியமா மிதிக்கலாம். ஓட்டி முடிச்சதும் மேல ஒரு பழைய துண்டு போட்டு மூடிடுங்க, தூசிக்கு இதை விட சீப்பான மருந்து இல்ல. துடிப்பு ரொம்ப கம்மின்னா கேம்ல டெட்ஸோன் 3, 4 பர்சன்ட் வச்சு சமாளிக்கலாம், அந்த வாரக் கடைசி ரேஸ் வரைக்கும் ஓடும், ஆனா தேயறது நிக்காது.

புதுசா வாங்கலாமா? வீலுக்காக வாங்கலாம், பெடலை என்னைக்காவது ஒரு நாள் திறக்க வேண்டி வரும்னு தெரிஞ்சு வாங்குங்க. ஸ்க்ரூ டிரைவர் பக்கமே போக மாட்டேன்னு சொல்றவங்க காசு சேர்த்து ஹால் சென்சார் பெடல் வர்ற செட்டா பாருங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க மறக்காம லேப்டாப் எடுத்துட்டு போங்க. விக்கறவர் கேமை ஓட்டி காட்டினா ஏமாறாதீங்க, டெட்ஸோன் வச்சு மறைச்சிருப்பாங்க. ஜாய் டாட் சிபிஎல் திறந்து, மூணு பெடலையும் மெதுவா மிதிச்சு, காலை எடுத்துட்டு ஒரு நிமிஷம் பாரையே பாருங்க. ஒரு பெடல் ஆடுதுன்னா அதைக் காட்டியே ரெண்டாயிரம் மூவாயிரம் குறைச்சு கேளுங்க, பாதி பேர் "போர்டு போயிருக்கும் போல"ன்னு பயந்துக்கிட்டே விப்பாங்க, கொடுத்துடுவாங்க.