நற்சான்றிதழை விண்ணப்பத்தோடு அனுப்புவதா, நேர்முகத்துக்குக் கொண்டுபோவதா?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வேலை தேடும் ஒரு பிள்ளையின் பைலைத் திறந்தால் மூன்று நாலு நற்சான்றிதழாவது இருக்கும். அதிபர் தந்தது, பங்குத்தந்தையோ கோயில் நிர்வாகசபையோ தந்தது, கிராம அலுவலர் தந்தது. எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து விண்ணப்பத்தோடு சேர்த்துக் குத்தி அனுப்புவது பழைய வழி. மற்ற வழி, சுயவிபரக் கோவையின் அடியில் உறவினரல்லாத இருவரின் பெயர், பதவி, தொலைபேசி இலக்கத்தைப் போட்டுவிட்டுக் கடிதங்களை நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டுபோவது.

அரச வேலையில் யோசிக்க அதிகம் இல்லை. வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் அறிவித்தல் எதை இணைக்கச் சொல்கிறதோ அதை மட்டும் இணைக்க வேண்டும். முதல் தெரிவில் பார்ப்பது வயது, கல்வித் தகைமை, முடிவுத் திகதி, கையொப்பம் அத்தாட்சிப்படுத்தப்பட்டதா என்பவைதான். நேர்முகத்துக்குப் புள்ளித்திட்டம் இருந்தால் அதுவும் அறிவித்தலிலேயே இருக்கும்; அதில் இல்லாத கடிதத்துக்குப் புள்ளி இல்லை. உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுத மறப்பவர்தான் உள்ளே ஐந்து நற்சான்றிதழ் வைத்திருப்பார்.

கிராம அலுவலர் சான்றிதழை மற்றவற்றோடு ஒன்றாக எண்ணக்கூடாது. அது வதிவிடத்தையும் நடத்தையையும் உறுதிப்படுத்தும் படிவம். பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட நாளில் இருந்து ஆறு மாதம்தான் செல்லும். என்ன தேவைக்கு என்று அதிலேயே எழுதப்படுவதால், வங்கிக் கணக்குக்காக எடுத்ததை வேலைக்குக் காட்டினால் திருப்பி விடுவார்கள். விண்ணப்பிக்கும் அன்றே எடுத்தால், நேர்முகம் எட்டு மாதம் கழித்து வரும்போது காலாவதியாகியிருக்கும். நேர்முகக் கடிதம் கிடைத்த பிறகு எடுப்பதே சரி. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய குடும்பங்களில் வாக்காளர் பதிவு ஒரு பிரிவிலும் வீடு இன்னொரு பிரிவிலும் கிடப்பது சாதாரணம். அப்படியானால் எந்த அலுவலரிடம் போவது என்பதை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அலைந்தால் மேலொப்பம் கிடைக்காது.

தொண்டு நிறுவனங்கள், கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள், நிதிக் கம்பனிகள், ஆடைத்தொழிற்சாலை அலுவலகங்கள் என்று வந்தால் பொதுவான நற்சான்றிதழை இணைக்கத் தேவையில்லை என்றே சொல்லலாம். அவர்களுக்கு வேண்டியது தொலைபேசியில் கேட்கக்கூடிய ஆள். கடிதத்திடம் “காசுப் பொறுப்புக் கொடுக்கலாமா? வேலைக்கு நேரத்துக்கு வருவாரா?” என்று கேட்க முடியாது. அதிலும் “சம்பந்தப்பட்டவர்களுக்கு” என்று தொடங்கி “எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்” என்று முடிகிற கடிதத்தை யாரும் முழுதாக வாசிப்பதில்லை. அதே அதிபர் அதே சொற்களில் நூறு பேருக்குக் கொடுத்திருப்பார் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும்.

இணைத்தால் பலன் தரும் கடிதமும் உண்டு. முன்பு வேலை செய்த இடத்தின் சேவைக் கடிதம் முதலாவது. அதில் பதவி, தொடங்கிய திகதி, முடிந்த திகதி, செய்த வேலை ஆகிய நாலும் இருக்க வேண்டும். இரண்டாவது, சம்பள வேலையே பார்த்திராத பிள்ளைக்கு ஊர்ச் சங்கம் தரும் கடிதம். இரண்டு விதமாக அதை எழுதலாம்:

“இவர் நல்லொழுக்கமும் பணிவும் உடையவர். எமது சங்கத்துக்கு நல்ல ஒத்துழைப்பு வழங்கினார்.”

“இவர் 2022 தை முதல் 2023 மார்கழி வரை எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர். 42 அங்கத்தவர்களின் சுழற்சிக் கடன் கணக்கை எழுதினார். இரண்டு வருடக் கணக்காய்விலும் கையிருப்புச் சரியாக இருந்தது.”

காசாளர் வேலைக்குப் போகிறவர் இரண்டாவது மாதிரிக் கடிதத்தை, அது ஒன்றை மட்டும், தயங்காமல் இணைக்கலாம். தலைவரிடம் கேட்கும்போதே திகதிகளையும் கணக்கையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் அப்படி எழுதித் தருவார். வெறுங்கையோடு போனால் முதலாவதுதான் வரும்.

அனுப்புமுன் கடிதத்தில் பார்க்க வேண்டியவை சில. கடிதத்தலைப்பு, திகதி, கையொப்பம், பதவி முத்திரை, இப்போதும் வேலை செய்யும் தொலைபேசி இலக்கம். பெயர் எழுத்துக்கூட்டலில்தான் அதிகம் பிழை வரும்: தேசிய அடையாள அட்டையில் ஒரு விதமும் சான்றிதழில் இன்னொரு விதமும் ஆங்கிலத்தில் இருந்தால், ஆள் வேறோ என்ற சந்தேகம் வரும். பழைய கடிதத்தில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட அடையாள அட்டை எண் இருந்து, கையில் பன்னிரண்டு இலக்க அட்டை இருந்தால், சுயவிபரக் கோவையில் இரண்டு எண்ணையும் எழுதிவிடலாம். மின்னஞ்சலில் அனுப்புகிறவர்கள் கட்டிலில் வைத்துச் சரிவாக எடுத்த படங்களை ஏழெட்டாக அனுப்பாமல், ஸ்கான் பண்ணி ஒரே பிடிஎப் ஆக்குவது நல்லது.

ஆட்களின் பெயரை மட்டும் கொடுக்கும் வழியிலும் ஓட்டை இருக்கிறது. ஓய்வுபெற்ற அதிபர் கொழும்பில் மகளோடு இருப்பார், இலக்கம் மாறியிருக்கும். அல்லது அழைப்பு வரும்போது “எந்தப் பிள்ளை?” என்று கேட்பார். அதைவிடப் பழைய கடிதமே மேல். பெயர் போடுமுன் அவரிடம் அனுமதி கேட்டு, எந்த வேலை, எந்த நிறுவனம் என்று சொல்லி, சுயவிபரக் கோவையின் பிரதி ஒன்றை வைபரிலோ வாட்ஸப்பிலோ அனுப்பி வைக்க வேண்டும். சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரில் இருப்பவரானால், பிடிக்கக்கூடிய நேரத்தையும் இலக்கத்துக்குப் பக்கத்தில் எழுதலாம்.

எந்த வழியானாலும் மூலப்பிரதியைத் தபாலில் போடக்கூடாது. நேர்முகத்தில் காட்டி, அங்கேயே கையில் திரும்ப வாங்கிக்கொண்டு வர வேண்டும்.